சொந்த டார்பிடோவே திரும்பி வந்து அடிக்குமா? யு.எஸ்.எஸ். டேங் சப்மரீன் பத்தி ஒரு டவுட்டு

பொள்ளாச்சி பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா ரெண்டாம் உலகப்போர் வீடியோவா பாத்துத் தள்ளிட்டு இருக்கேன், அதுல யு.எஸ்.எஸ். டேங்னு ஒரு அமெரிக்க சப்மரீன் பத்தி வந்துச்சு. ஜப்பான் கப்பலை வரிசையா மூழ்கடிச்சு பேர் வாங்கினது, அமெரிக்க சப்மரீன்கள்லயே நம்பர் ஒன்னு வேற சொன்னாங்க, கடைசில 1944 அக்டோபர்ல தைவான் ஜலசந்தில அது விட்ட டார்பிடோவே ரவுண்டு அடிச்சு திரும்பி வந்து அதோட பின்பக்கத்துலயே அடிச்சு மூழ்கிடுச்சாம். 87 பேர்ல 78 பேர் செத்துட்டாங்க. வீடியோல இதை ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு சோகமா மியூசிக் போட்டு முடிச்சுட்டாங்க.

எனக்கு புரியாதது, நேரா போக வேண்டிய டார்பிடோ எப்படி திரும்பும்? அதுல ஆள் இல்ல, ரிமோட் இல்ல. அப்புறம் சப்மரீனே மூழ்கிடுச்சுன்னா அந்த 9 பேர் மட்டும் எப்படி தப்பிச்சாங்க, அதுல கேப்டனும் ஒருத்தர்னு வேற சொல்றாங்க, அது எப்படி? கமெண்ட்ல ஒரு ஆளு "கேப்டனோட பேராசை, கடைசி டார்பிடோவையும் விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்னு நின்னு 78 பேரை கொன்னுட்டான்"னு போட்டிருக்கான், அதுக்கு நூத்துக்கணக்குல லைக். அது சரியா? விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, எனக்கு இந்த சப்ஜெக்ட் சுத்தமா தெரியாது.

இன்ஜின் ரூம் மாமா:

தம்பி, நான் நேவிக்காரன் இல்ல, சரக்குக் கப்பல் இன்ஜின் ரூம்ல காலத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவன். ஆனா கைரோவும் சுக்கானும் நமக்கு சோறு போட்ட ஐட்டம், அதனால முதல் கேள்விக்கு பதில் சொல்றேன்.

டார்பிடோவை குண்டு மாதிரி நினைச்சாதான் குழப்பம். அது ஆளில்லாத ஒரு குட்டிக் கப்பல். மோட்டார் இருக்கு, ப்ரொப்பெல்லர் இருக்கு, பின்னாடி சுக்கான் இருக்கு, அந்த சுக்கானுக்கு ஆர்டர் போடறதுக்கு உள்ள ஒரு கைரோ, அதாவது திசை மாறாம பாத்துக்கற ஒரு சக்கரம், சுத்திட்டு இருக்கும். எதிரி கப்பல் எந்தப் பக்கம் இருக்கோ அதுக்கு நேரா சப்மரீனோட மூக்கை திருப்பி நிறுத்தறதுக்கு எல்லா நேரமும் முடியாது, அதனால சப்மரீன் உள்ள இருக்கற ஒரு கணக்குப் போடற மெஷின் இத்தனை டிகிரி திரும்புன்னு கைரோவுக்கு சொல்லிடும், டார்பிடோ குழாயை விட்டு வெளிய வந்ததும் அந்த அளவுக்கு திரும்பி, கோணம் கிடைச்சதும் சுக்கானை நேராக்கிட்டு ஓடும். அதாவது திரும்பறதுங்கறது அதோட பிறவி குணம். இப்ப அந்த சுக்கான் ஒரு பக்கமா போய் சிக்கிக்கிச்சு, இல்ல கைரோ மண்டை குழம்பிடுச்சுன்னு வை, என்ன ஆகும்? ஹேண்டில் லாக் ஆன பைக் மாதிரி அதே எடத்துல வட்டம் போடும். வட்டத்தோட ஆரம்பப் புள்ளில யாரு நிக்கறா? விட்டவன்தான்.

குழாயை விட்டு வந்த உடனே வெடிக்காது, கொஞ்ச தூரம் ஓடினப்புறம்தான் வெடிக்கற நிலைக்கு வரும், விட்டவன் பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்காங்க. ஆனா வட்டம் சுத்தி வர்றதுக்குள்ள அந்த தூரத்தை ஓடி முடிச்சிருக்கும், அப்ப அந்த ஏற்பாட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல.

டேங் விட்டது மார்க் 18ங்கற எலக்ட்ரிக் டார்பிடோ. ஜெர்மன்காரன் டார்பிடோ கையில சிக்கினதை வச்சு அமெரிக்காக்காரன் பாத்து செஞ்சது. அதுக்கு முன்னாடி இருந்த மார்க் 14 நீராவில ஓடும், 46 நாட் வேகம் (மணிக்கு சுமார் 85 கி.மீ.), ஆனா பின்னாடி வெள்ளையா குமிழிக் கோடு போட்டுட்டே போகும், பகல்ல விட்டா எங்கிருந்து வந்துச்சுன்னு எதிரிக்கு விலாசம் குடுத்த மாதிரி. மார்க் 18 பேட்டரில ஓடறதால கோடே தெரியாது, ஆனா வேகம் 29 நாட்தான். அதை வாங்கிக்கிட்டு இதை குடுத்தாங்க.

ஒரு விஷயம் கேட்டா வயிறு எரியும். டெஸ்ட்ராயர் கப்பல்ல இருந்து விடற மார்க் 15 டார்பிடோல இந்த மாதிரி வட்டம் போடாம தடுக்க ஒரு ஏற்பாடு இருந்துச்சு. சப்மரீனுக்கு குடுத்த மார்க் 14ல அதை கடைசி வரைக்கும் வைக்கவே இல்ல. டேங்குக்கு ஏழு மாசம் முன்னாடி, 1944 மார்ச் 26, பலாவ் தீவுக்கு வடக்க டல்லிபீங்கற சப்மரீனும் இதே மாதிரி தன் டார்பிடோல அடிபட்டுதான் போச்சு, பிரிட்ஜ்ல, அதாவது சப்மரீன் மேல திறந்த வெளில நின்னு பாக்கற எடத்துல, நின்ன ஒரே ஒரு ஆள்தான் பிழைச்சார். அவரை ஜப்பான்காரன் பிடிச்சுட்டுப் போனதால என்ன நடந்துச்சுன்னே போர் முடியற வரைக்கும் அமெரிக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா டேங் விஷயத்துல ஏதாவது மாறியிருக்குமாங்கறது வேற பேச்சு.

சான்ஹோசே சங்கரி:

மாமா டெக்னிக்கல் சொல்லிட்டாரு, நான் ஆளுங்க கதைக்கு வரேன். இங்க சான் பிரான்சிஸ்கோ ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப்ல பம்பனிட்டோன்னு ஒரு சப்மரீனை மியூசியமா நிறுத்தி வச்சிருக்காங்க, அதுவும் டேங்கும் ஒரே பலாவோ ரகம், அச்சு அசல் அதே சைஸ், கிட்டத்தட்ட 95 மீட்டர் நீளம். ஊர்ல இருக்கறவங்களுக்கு புரியணும்னா வைசாக் பீச்ல மியூசியமா குர்சுராங்கற இந்திய சப்மரீன் நிக்குதே, ஏறக்குறைய அந்த நீளம். உள்ள போனாதான் இந்தக் கதை முழுசா புரியும். முன்பக்க டார்பிடோ ரூம்ல ஆறு குழாய், பின்பக்கம் நாலு, மொத்தம் 24 டார்பிடோ ஏத்துவாங்க, அந்த டார்பிடோவுக்கு மேலயும் பக்கத்துலயும்தான் ஆளுங்க படுக்கற கட்டில். ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு போறதுக்கு இடுப்பளவு வட்ட ஓட்டைல குனிஞ்சு கால் தூக்கி வச்சு போகணும், எனக்கே முட்டி இடிச்சுது, என் வீட்டுக்காரர் ஆறடி, அவர் தலையைப் பத்தி கேக்காதீங்க.

அந்த ராத்திரி நடந்தது இதுதான். 1944 அக்டோபர் 24 முடிஞ்சு 25 விடியற்காலை ரெண்டரை மணி. பிலிப்பைன்ஸ்ல லெய்டே சண்டை நடந்துட்டு இருக்கு, அங்க ஜப்பான் ஆளும் தளவாடமும் அனுப்பற கன்வாய்தான், அதாவது காவலோட கூட்டமா போற கப்பல்கள்தான், டேங்கோட இரை. ரெண்டு ராத்திரி முன்னாடியே ஒரு கன்வாயை அடிச்சிருந்தாங்க, இது அடுத்தது. கமாண்டர் ரிச்சர்ட் ஓகேன், அப்ப அவருக்கு முப்பத்துமூணு வயசு, மேல பிரிட்ஜ்ல நின்னு பாத்துட்டே ஆர்டர் குடுக்கறார், அவரோட சேத்து ஒன்பது பேர் மேல. சப்மரீன் தண்ணிக்கு மேலதான் ஓடிட்டு இருக்கு, அதை நல்லா மனசுல வச்சுக்கங்க, முங்கிப் போய் அடிச்சது இல்ல.

23 டார்பிடோ போயாச்சு. 24ஆவது, கடைசி, ஏற்கனவே அடிபட்டு நின்னுட்டு இருந்த ஒரு கப்பலைப் பாத்து விட்டாங்க. அது தண்ணிக்கு மேல துள்ளி எழும்பி இடது பக்கமா வளைய ஆரம்பிச்சுது. ஓகேன் பாத்துட்டாரு. ஃபுல் ஸ்பீடு குடு, சுக்கானை முழுசா திருப்புன்னு கத்தினாரு, 95 மீட்டர் இரும்பு அந்த நேரத்துல எவ்வளவு நகரும்? அரை நிமிஷம் கூட ஆகல, பின்பக்க டார்பிடோ ரூம் கிட்ட வந்து அடிச்சுது. பின்னாடி மூணு ரூம்லயும் ஒரே நேரத்துல தண்ணி, பின்பக்கம் கீழ போயிடுச்சு, மேல நின்ன ஒன்பது பேரும் கடல்ல. மேல் கதவை மூடக்கூட நேரமில்ல. அந்த ஒன்பதுல விடியறவரைக்கும் நீந்தி தாக்குப் பிடிச்சது மூணு பேர், ஓகேன் அதுல ஒருத்தர். கான்னிங் டவர்ல, அதாவது பிரிட்ஜுக்கு நேர் கீழ இருக்கற சின்ன அறைல, தண்ணி ரொம்பின அப்புறம் எப்படியோ வெளிய வந்த ஒரு ஆபீசர் நாலாவது. கேப்டன் எப்படி தப்பிச்சாருங்கற உங்க கேள்விக்கு இதுதான் பதில். அவர் ஓடிப்போகல, கடல்ல தூக்கி எறியப்பட்டார்.

மிச்ச அஞ்சு பேர் கதைதான் என்னை தூங்க விடாதது. சப்மரீனோட வால் 180 அடில தரைல குத்தி நிக்குது, மூக்கு மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்கு. உள்ள உயிரோட இருக்கறவங்க, மூக்கு வெளிய தெரிஞ்சா ஜப்பான்காரன் சுட்டுத் தள்ளிடுவான், அதுவும் இல்லாம சாய்ஞ்ச நிலைல தப்பிக்கற அறைக்குப் போகவும் முடியாதுன்னு தொட்டிக்குள்ள தாங்களே தண்ணியை விட்டு முழு சப்மரீனையும் கீழ படுக்க வச்சுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, தப்பிக்கறதுக்காக முதல்ல முழுசா மூழ்கணும். அப்புறம் ரகசிய பேப்பரை எல்லாம் எரிச்சாங்க, அந்தப் புகை வேற. முன்பக்க டார்பிடோ ரூமுக்கு சுமார் 30 பேர் வந்து சேந்தாங்க. மேல ஜப்பான் காவல் கப்பல் டெப்த் சார்ஜ், அதாவது தண்ணிக்கு அடில வெடிக்கற குண்டு, போட்டுட்டே இருக்கு. பக்கத்து பேட்டரி ரூம்ல தீ பிடிச்சுடுச்சு, கடைசி ஆள் வெளிய போற நேரத்துக்கு சூட்டுல சுவர் பெயிண்ட்டே உருகி வழிஞ்சுதாம்.

தப்பிக்கற முறை என்னன்னா, ஒரு சின்ன அறை, அதுக்குள்ள நாலஞ்சு பேர் நின்னுக்கணும், கதவை மூடிட்டு கடல் தண்ணியை உள்ள விடணும், உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் ஒண்ணாகறவரைக்கும். 180 அடில அது நம்ம சாதாரண காத்தழுத்தத்தை விட ஆறு மடங்குக்கும் மேல. அப்புறம்தான் வெளிக்கதவு திறக்கும், கயிறு கட்டின மிதவையை மேல விட்டு அந்தக் கயிறைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா ஏறணும். வேகமா வந்தா ரத்தத்துல குமிழி, மூச்சை அடக்கினா நுரையீரல் கிழியும். மூச்சு விடறதுக்கு மாம்சன் லங்னு ஒரு ரப்பர் பை, நாம விடற மூச்சுல இருக்கற கெட்ட காத்தை உள்ள இருக்கற சோடா சுண்ணாம்பு உறிஞ்சிக்கும். அதுல 13 பேர் வெளிய போனாங்க. அதுல சிலர்தான் மேல வந்து சேந்தாங்க. அஞ்சு பேர் உயிரோட மீட்கப்பட்டாங்க. அந்தப் பையை வச்சு நெஜ விபத்துல தப்பிச்சவங்கன்னு அமெரிக்க நேவில சொல்றதுக்கு இவங்கதான் இருக்காங்க.

மீதிப் பேர் அந்த ரூம்லயே. சிலர் ஒரு தடவை முயற்சி பண்ணி முடியாம திரும்பி, மறுபடி போக தெம்பில்லாம உக்காந்துட்டாங்க.

யாழ்ப்பாணத்து மீன்:

அக்கா, வாசிக்கவே மூச்சு முட்டுது. ஒரு கேள்வி, நான் எங்கயோ பாத்தன், சப்மரீன் அடியில கிடந்தா மேல இருந்து மணி மாதிரி ஒரு இரும்புக் கூட்டை இறக்கி ஆக்களை ஏத்துவினம் எண்டு. அதை ஏன் செய்யேல்ல?

சான்ஹோசே சங்கரி:

நீங்க பாத்தது 1939ல ஸ்குவாலஸ் சப்மரீன் கதையா இருக்கும். அமெரிக்கக் கரைக்குப் பக்கத்துலயே, டெஸ்ட் ஓட்டத்துல மூழ்கினது, மீட்புக் கப்பல் வந்து அந்தக் கூண்டை இறக்கி 33 பேரை எடுத்தாங்க. டேங் மூழ்கினது எதிரி கடல்ல, அதுவும் தன் ஆளுங்களுக்கு என்ன ஆச்சுன்னே ஹெட்குவார்ட்டர்ஸுக்கு தெரியாத நிலை. மேல நின்ன ஒரே கப்பல் ஜப்பான் கப்பல். அது கூண்டை இறக்காது, குண்டைத்தான் இறக்கும்.

கறார் கந்தசாமி:

எல்லாம் சரி. ஆனா ஓகேனை ஹீரோவா தூக்கி வச்சு ஆடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க, இங்க யாரும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும் அதனால நான் சொல்றேன்.

டேங்குக்கு முன்னாடி இந்த ஓகேன் வாஹூன்னு இன்னொரு சப்மரீன்ல கேப்டனுக்கு அடுத்த இடத்துல இருந்தார். கேப்டன் டட்லி மார்ட்டன். 1943 ஜனவரி 26, நியூ கினிக்கு வடக்க புயோ மாருங்கற ஜப்பான் துருப்புக் கப்பலை மூழ்கடிச்சாங்க. அது வரைக்கும் போர், ஓகே. அதுக்கப்புறம் மேல வந்து, கடல்ல தத்தளிச்ச ஆளுங்க இருந்த படகுகள் மேல துப்பாக்கியால சுட்டாங்க. அதுல யாரு இருந்தாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கப்பல்ல 1126 பேர், அதுல 491 பேர் இந்தியப் போர்க்கைதிகள், 16ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டோட ரெண்டாவது பட்டாலியன். செத்த 282 பேர்ல 195 பேர் நம்ம ஆளுங்க, ஜப்பான்காரன் 87 பேர்தான். பிரிட்டிஷ்காரனுக்காக சண்டை போடப் போய், ஜப்பான்காரன் கிட்ட சிக்கி, அமெரிக்காக்காரன் கையால செத்தவங்க. இதுக்கு யாராவது சிலை வச்சாங்களா?

டேங் விஷயத்துலயும் அதேதான். 1944 ஜூன் 24 நாகசாகி பக்கத்துல மூழ்கடிச்ச கப்பல்கள்ல ஒண்ணு தமாஹோகோ மாரு, அதுக்குள்ள நேச நாட்டு போர்க்கைதிங்க, ஆஸ்திரேலியா, பிரிட்டன், டச்சு, அமெரிக்கர்களும்தான், 500 பேருக்கு மேல செத்தாங்க.

இன்ஜின் ரூம் மாமா:

கந்தசாமி சார், புயோ மாரு விஷயம் நீங்க சொன்னது உண்மை, இங்க எழுதினதுக்கு நன்றி. ஆனா ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

தமாஹோகோல கைதிங்க இருக்காங்கன்னு டேங்குக்கு தெரியற வழியே இல்ல, ஜப்பான் அந்தக் கப்பல்கள்ல எந்த அடையாளமும் போடல, ராத்திரில ரடார்ல புள்ளியா தெரியற கப்பல் உள்ள யாரு இருக்கான்னு எவன் சொல்லுவான். அந்த ராத்திரி ஆறு டார்பிடோ விட்டாங்க, ரெண்டு கப்பல் மூழ்கியிருக்கும்னு அவங்களே நினைச்சாங்க, போர் முடிஞ்சு ஜப்பான் ரெக்கார்டை பாத்தப்புறம்தான் நாலு கப்பல்னு தெரிஞ்சுது. என்ன மூழ்குதுன்னே தெரியாத நிலைல, உள்ள யாருங்கறது எப்படி தெரியும்?

படகுல சுட்டது வேற. அங்க கண்ணுக்கு நேரா பாத்துட்டு சுட்டிருக்காங்க. படகுங்களைத்தான் உடைச்சோம், தனி ஆளை வேணும்னு குறி வச்சு சுடலன்னு ஓகேன் பின்னாடி எழுதினார். மார்ட்டனை மேலதிகாரிங்க யாரும் கண்டிக்கல, பாராட்டுதான் கிடைச்சுது. நான் படிச்ச வரைக்கும் எனக்கு அந்த சமாதானம் செரிக்கல. ஆனா சுடற முடிவு மார்ட்டனோடது.

வாஹூவோட முடிவும் சொல்லிடறேன். 1943 அக்டோபர் 11, ஜப்பானுக்கு வடக்க லா பெரூஸ் ஜலசந்தில, ஒருத்தர் மிச்சமில்லாம மொத்தமா போயிட்டாங்க. ஓகேன் அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் டேங்கை பொறுப்பேத்துக்க இறங்கினார். ஒரு டிரான்ஸ்பர் ஆர்டர் வரலன்னா அவரும் அதோட.

மார்ட்டன் கிட்ட ஓகேன் கத்துக்கிட்ட தொழில் ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம டேங் எப்படி இத்தனை அடிச்சுதுன்னு புரியாது. சாதாரணமா கேப்டன்தான் பெரிஸ்கோப் பாப்பார். மார்ட்டன் என்ன பண்ணினார்னா பெரிஸ்கோப்பை ஓகேன் கிட்ட குடுத்துட்டு தான் பின்னாடி நின்னு மொத்த சண்டையையும் மண்டைல வச்சு யோசிச்சார். கண்ணு ஒருத்தருக்கு, மூளை ஒருத்தருக்கு. பயம் வர்றது பெரும்பாலும் கண்ணு வழியாதானே. ஓகேன் அங்க மாசக்கணக்குல கப்பலோட தூரம், வேகம், கோணம் கண்ணால எடை போட்டு பழகிட்டார்.

பொள்ளாச்சி பையன்:

எவ்வளவு விஷயம்! எல்லாருக்கும் நன்றி. கந்தசாமி அண்ணா சொன்ன இந்தியக் கைதிங்க விஷயம் நான் பாத்த ஒரு வீடியோலயும் இல்ல. ஆனா அந்த பேராசை கேள்விக்கு இன்னும் பதில் வரல. தண்ணிக்கு அடில பத்திரமா இருக்க வேண்டியதுதானே சப்மரீன், ஏன் மேல வந்து அடிச்சாங்க? அடிபட்ட கப்பலை விட்டுட்டு 23ஓட வீட்டுக்கு போயிருந்தா?

இன்ஜின் ரூம் மாமா:

தம்பி, அந்தக் காலத்து சப்மரீன் பெரும்பாலும் மேல ஓடற கப்பல்தான், தேவைப்பட்டா முங்கும். மேல டீசல்ல 20 நாட் ஓடும். முங்கினா பேட்டரில 9 நாட் கூட வராது, அதுவும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் பேட்டரி தீந்துடும். முங்கிட்டு ஒரு கன்வாயை துரத்தறதுங்கறது நடந்து போய் பஸ் பிடிக்கற கதை, அதனால ராத்திரில மேல வந்து ரடாரை வச்சுக்கிட்டு உள்ள புகுந்து அடிச்சுட்டு ஓடறதுதான் அப்ப நல்ல கேப்டன்கள் எல்லாரும் பண்ணினது. முங்கியிருந்தாலும் வட்டம் போட்ட டார்பிடோ விட்டிருக்கும்னு சொல்ல முடியாது.

பேராசைன்னு சொல்றவனுக்கு ஒண்ணு சொல்லு. கன்வாயை அடிச்சப்புறம் டேங் அங்கயே நிக்கல, 10,000 கஜம் தள்ளிப் போய் நின்னு, மிச்சம் இருந்த ரெண்டு டார்பிடோவையும் எடுத்து செக் பண்ணிட்டு, குழாய்ல ஏத்திட்டு, அப்புறம்தான் அடிபட்ட கப்பலை முடிக்க திரும்பி வந்தாங்க. 23ஆவது ஒழுங்கா நேரா ஓடுச்சு. 24ஆவது மக்கர் பண்ணுச்சு. சுக்கான் சிக்கிச்சா, கைரோ போச்சா, வெடிச்சுப் போன பொருளை எடுத்து யாரு பாக்கறது. செக் பண்ணின பொருளே காலை வாரினா கேப்டன் என்ன பண்ணுவார். பாதி உயிரோட இருக்கற துருப்புக் கப்பலை விட்டுட்டுப் போனா அது பழுது பாத்து லெய்டேக்கு ஆளை இறக்கும், அங்க சாகறது அவன் நாட்டு சிப்பாய். கையில டார்பிடோவை வச்சுக்கிட்டு திரும்பி வந்த கேப்டன்களை வேலையை விட்டே தூக்கினாங்க அந்தக் காலத்துல. எனக்கு கோவம் கேப்டன் மேல இல்ல. சுக்கான் சிக்கினா மோட்டாரை நிறுத்தற ஒரு சின்ன மெக்கானிசத்தை வைக்காம ஆயிரக்கணக்குல டார்பிடோ செஞ்சு அனுப்பினாங்களே கரைல உக்காந்து, அவங்க மேலதான்.

கறார் கந்தசாமி:

இதுல நான் மாமா கட்சி. பேராசைன்னு சொன்னவன் வீடியோ கேம் ஆடறவனா இருப்பான்.

ஆனா "நம்பர் ஒன்" கணக்குல எனக்கு டவுட்டு இருக்கு. போர் முடிஞ்ச உடனே ராணுவமும் நேவியும் சேந்து போட்ட கமிட்டி கணக்குப்படி டேங் 24 கப்பல், 93,824 டன். எண்ணிக்கைல டாட்டாக்ங்கற சப்மரீன் 26ஓட முதல்ல, டன் கணக்குல ஃப்ளாஷர் ஒரு லட்சத்துக்கு மேல போய் முதல்ல. டேங் ரெண்டுலயும் முதல் இல்ல. பின்னாடி மறுபடி ரெக்கார்டை எல்லாம் பாத்து 33 கப்பல், 116,454 டன்னு ஆக்கினாங்க, அதை வச்சுத்தான் இப்ப எல்லாரும் முதலிடம்னு சொல்றது. எந்தக் கணக்குன்னு சொல்லாம நம்பர் ஒன்னு சொல்றது எனக்கு பிடிக்காது.

சான்ஹோசே சங்கரி:

கணக்கு எப்படி போட்டாலும் ஒண்ணு பாருங்க, டேங் போனதே அஞ்சு ரோந்துதான், 1944 ஜனவரில முதல் ரோந்து, அக்டோபர்ல முடிவு. டாட்டாக் போர் முழுக்க இருந்துச்சு. ஜூன் ஜூலைல மூணாவது ரோந்துல மட்டும் பத்து கப்பல், ஒரே ரோந்துல அத்தனை எந்த அமெரிக்க சப்மரீனும் அடிக்கல.

எனக்கு பிடிச்சது ஒரு கப்பல் கூட அடிக்காத ரெண்டாவது ரோந்துதான். பசிபிக்ல ஜப்பான் தளமா இருந்த ட்ரூக் தீவு மேல அமெரிக்க விமானங்க குண்டு போடப் போகுது, விழற விமானிகளை கடல்ல இருந்து பொறுக்கறது டேங்கோட வேலை. 22 பேரை எடுத்தாங்க. அதுல ஒரு சின்ன மிதவை விமானம் தண்ணில இறங்கி தத்தளிக்கற ஆளுங்களை இறக்கை மேல எல்லாம் ஏத்திக்கிச்சு, அவ்வளவு பேரை வச்சுக்கிட்டு பறக்க முடியாம தண்ணிலயே ஊர்ந்து ஊர்ந்து டேங் கிட்ட வந்து சேந்துச்சு. போட்டோ இருக்கு, தேடிப் பாருங்க, இறக்கை மேல வரிசையா உக்காந்திருப்பாங்க.

பிழைச்ச ஒன்பது பேருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கலயே? அவங்களை தண்ணில இருந்து எடுத்தது ஜப்பான் காவல் கப்பல். அந்தக் கப்பல்லயே டேங் மூழ்கடிச்ச கப்பல்கள்ல இருந்து தப்பிச்ச, உடம்பெல்லாம் வெந்த ஜப்பான் ஆளுங்களும் இருந்தாங்க. அவங்கதான் இவங்களை கட்டையால அடிச்சு உதைச்சது. அடிக்கறவங்க யாருன்னு, அந்தத் தீக்காயம் யாரு குடுத்ததுன்னு புரிஞ்சப்புறம் அந்த அடியை தாங்கிக்க முடிஞ்சுதுன்னு ஓகேன் தன் ரிப்போர்ட்லயே எழுதியிருக்கார். கந்தசாமி அண்ணா கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லதான், ஆனா அதை எழுதினவர் வெறும் வெறியன் இல்லன்னு எனக்குத் தோணுது.

அப்புறம் யோகோஹாமா பக்கம் ஒஃபூனா கேம்ப், அது ஜப்பான் நேவியோட ரகசிய விசாரணை கேம்ப், செஞ்சிலுவை சங்கத்துக்கே பேர் குடுக்க மாட்டாங்க, அதனால வீட்டுல இவங்க உயிரோட இருக்கறதே தெரியாது. அப்புறம் ஓமோரி கேம்ப். ஒன்பது பேரும் போர் முடியறவரைக்கும் தாக்குப் பிடிச்சு வீடு திரும்பினாங்க. 1946 மார்ச் 27ல ஜனாதிபதி ட்ரூமன் கையால ஓகேனுக்கு மெடல் ஆஃப் ஹானர், அமெரிக்காவோட மிகப் பெரிய வீர விருது. 1994 வரைக்கும் இருந்தார்.

கறார் கந்தசாமி:

சரிம்மா, அந்த ரிப்போர்ட் வரி நான் படிச்சதில்ல. தேடிப் படிக்கிறேன். புயோ மாரு விஷயத்துல என் கருத்து மாறல.

யாழ்ப்பாணத்து மீன்:

அமெரிக்கான்ர சப்மரீன் மொத்தம் எத்தினை போனது அந்தப் போரில?

இன்ஜின் ரூம் மாமா:

52. ஆளு 3,500க்கு மேல. சப்மரீன்ல கடலுக்குப் போனவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் திரும்பல, அமெரிக்க ராணுவத்துல வேற எந்தப் பிரிவுலயும் இந்த விகிதம் இல்ல.

பொள்ளாச்சி பையன்:

கடைசியா ஒரே ஒரு டவுட்டு மாமா, இப்ப இருக்கற டார்பிடோவும் இப்படி திரும்பி வருமா?

இன்ஜின் ரூம் மாமா:

போருக்கு அப்புறம் வந்ததுல பூட்டு வச்சுட்டாங்க. விட்ட திசைல இருந்து 180 டிகிரி திரும்பிட்டா கைரோவே கண்டுபிடிச்சு டார்பிடோவை செயலிழக்க வச்சிடும். அமெரிக்காவோட மார்க் 37ல இருந்தே இது இருக்கு. எதிரி கப்பலோட சத்தத்தை தானே தேடிப் போற டார்பிடோ வந்துடுச்சுல்ல, பூட்டு இல்லன்னா அது எந்த சத்தத்தை முதல்ல கேக்கும்னு நீயே யோசி. குர்சுரா போனா பின்பக்க டார்பிடோ ரூம் வரைக்கும் போய்ப் பாரு, பாதிப் பேர் முன்னாடியே போட்டோ எடுத்துட்டு இறங்கிடறாங்க.